தம்பிகிட்ட துப்பாக்கி இருக்கு, அடுத்த வியாழன் ஹியரிங். உள்ளே என்ன நடக்கும்?

#1 ஈஸ்ட்பே_அக்கா

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்க மட்டும்தான் வந்துட்டிருந்தேன். இப்ப எழுத வேண்டிய நிலைமை.

நாங்க அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல இருக்கோம். என் தம்பிக்கு 41 வயசு. சிட்டிசன். 2020-ல எல்லாரும் துப்பாக்கிக் கடை வாசல்ல வரிசை கட்டி நின்னாங்களே, அப்ப இவனும் நின்னு ஒரு பிஸ்டல் வாங்கினான். அடுத்த வருஷம் இன்னொண்ணு. "இந்த ஊர்ல நமக்கு நாமதான் காவல்"னு சொன்னான். நாங்களும் சிரிச்சிட்டு விட்டுட்டோம். போன வருஷம் மனைவி குழந்தையைக் கூட்டிட்டுத் தனியா போயிட்டா. ஜனவரில வேலை போச்சு. அப்புறம் குடி. மூணு வாரம் முன்னாடி ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸாப்ல, "இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்க்கா, அம்மாவைப் பாத்துக்கோ"ன்னு ஒரு மெசேஜ். கூடவே மேஜை மேல பிஸ்டல் இருக்கற போட்டோ.

போலீஸ் அவசர நம்பர் 911 கூப்பிட்டேன். போனாங்க. அவன் தெளிவா பேசியிருக்கான், போதையில போட்டதுன்னு சொல்லியிருக்கான், திரும்பிட்டாங்க. அதுல ஒரு ஆபீசர்தான் எனக்குப் போன் பண்ணி, "தம்பியோட துப்பாக்கியை எடுத்து வைக்கச் சொல்லி, குடும்பத்துல ஒருத்தரா நீங்களே கோர்ட்ல கேக்கலாம்"னு ஜிவி-100 ஃபாரம் பத்திச் சொன்னார். சொந்தத் தம்பி மேல மனு. எழுதும்போது கை நடுங்கிச்சு. அன்னைக்கே ஜட்ஜ் டெம்பரரி ஆர்டர்ல கையெழுத்து போட்டுட்டார். ஷெரிஃப் ஆபீஸ்ல (கவுண்டி போலீஸ்) இருந்து காசு வாங்காமலே அந்த ஆர்டரை அவன் கைல கொடுத்து சர்வ் பண்ணினாங்க. துப்பாக்கியை ஒப்படைச்சிட்டான். இப்ப என்கிட்ட பேசறதில்லை.

வியாழக்கிழமை ஹியரிங். அவன் எதிர்லயே நான் பேசணுமா? அவன் மேல கிரிமினல் ரெக்கார்டு ஏறுமா? புது வேலை தேடறவனுக்கு அது வேற வினையா போயிடக் கூடாது. அம்மா கும்பகோணத்துல இருக்காங்க, அவங்களுக்கு எதுவும் தெரியாது.

#2 சட்டப்பித்தன்

முதல் கேள்விக்கு: ஆமாம், பேச வேண்டியிருக்கும். மனு போட்டவர் நீங்கள், நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையது. டெம்பரரி ஆர்டருக்கு உங்கள் தரப்பை மட்டும் கேட்டால் போதும். அதனால்தான் அது 21 நாளுக்கு மட்டும். அதற்குள் ஹியரிங் வைத்து அவரையும் கேட்டாக வேண்டும். அங்கே அளவுகோல் உயர்ந்துவிடும், தெளிவான, நம்பத்தக்க ஆதாரம் வேண்டும். ஜட்ஜுக்கு அது திருப்தியாக இருந்தால் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை உத்தரவு போடலாம். இல்லையென்றால் அன்றே முடிந்தது, துப்பாக்கி அவருக்கே திரும்பப் போகும்.

இரண்டாவது கேள்விக்கு: இது சிவில் விவகாரம். உத்தரவு வந்தாலே கிரிமினல் ரெக்கார்டு ஆகாது. உத்தரவை மீறினால்தான் குற்றம், அப்போது மேலும் ஐந்தாண்டு தடையும் சேரும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இந்த உத்தரவு துப்பாக்கி, தோட்டா, தோட்டாவை அடுக்கும் மேகசீன் பற்றி மட்டும்தான் பேசும். உங்கள் பக்கம் வரக்கூடாது, போன் பண்ணக்கூடாது என்றெல்லாம் இதில் இல்லை. அவர் உங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரலாம்.

போலீஸ் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவில் இந்தச் சட்டம் பிறந்ததே அப்படி ஒரு திரும்பிப்போனதிலிருந்துதான். 2014 ஏப்ரலில் ஐலா விஸ்டாவில் ஒரு பையனைப் பற்றிக் குடும்பத்துக்குக் கவலை, போலீஸ் கதவைத் தட்டினார்கள், அவன் பணிவாகப் பேசினான், திரும்பிவிட்டார்கள். துப்பாக்கிகள் உள்ளேதான் இருந்தன. மே மாதம் ஆறு பேரைக் கொன்றான். அதே ஆண்டில் சட்டம் கையெழுத்தாகி, 2016 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கனெக்டிகட் 1999-லேயே இதைத் தொடங்கிவிட்டது.

#3 டல்லாஸ்காரன்

அக்கா, உங்க நிலைமை புரியுது. உங்களைக் குறை சொல்லலை. ஆனா இந்த இழையைப் படிக்கற மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

ஒருத்தன் தப்பே பண்ணலை. கேஸ் இல்லை, கைது இல்லை. அவன் இல்லாத ரூம்ல ஒருத்தர் ஃபாரம் நிரப்பறாங்க, ஜட்ஜ் கையெழுத்து போடறார், வீட்டு வாசல்ல ஷெரிஃப் நிக்கறார். சிவில்ங்கறதால அரசாங்க வக்கீலும் கிடையாது. கைல காசு இல்லாதவன் தனியாத்தான் போய் நிக்கணும். கொலராடோவுல எதிர்த்தரப்புக்குக் கோர்ட்டே வக்கீல் போட்டுத் தரணும்னு எழுதி வெச்சிருக்காங்க. அது நியாயம். எல்லா ஊர்லயும் ஏன் இல்லை?

அதே கொலராடோவுல 2020-ல ஒரு அம்மா, ஒரு போலீஸ்காரரோட தனக்குக் குழந்தை இருக்குன்னு பொய் சொல்லி, அவரோட துப்பாக்கியை எடுக்கச் சொல்லி மனு போட்டாங்க. ஹியரிங்ல தள்ளுபடி ஆச்சு, பொய்ச் சத்தியம்னு அவங்க மேலயே வழக்கு வந்துது. 2018 நவம்பர்ல மேரிலாந்துல, ஆன் அரண்டல் கவுண்டியில, விடிகாலை அஞ்சு மணிவாக்குல உத்தரவு சர்வ் பண்ணப் போன இடத்துல கைகலப்பாகி, அந்த மனுஷனையே சுட்டுட்டாங்க. காப்பாத்தத்தான் போனாங்க. எங்க டெக்சஸ்ல 2025-ல, ரெட் ஃபிளாக்னு சொல்ற இந்த மாதிரி உத்தரவுக்கே இடமில்லைன்னு சட்டம் போட்டாச்சு.

நான் துப்பாக்கி வெச்சிருக்கறவன். அதை மறைக்கலை.

#4 இரவுப்பணி_நர்ஸ்

டல்லாஸ் அண்ணா, எமர்ஜென்சியில பதினாலு வருஷம் வேலை பாத்திருக்கேன். மாத்திரை சாப்பிட்டு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பிழைச்சு எழுந்து, மறுநாள் வெக்கப்பட்டுட்டு காபி கேக்கறாங்க. துப்பாக்கியால முயற்சி பண்ணினவங்க எங்ககிட்ட வந்து சேர்றதே அபூர்வம். பத்துக்கு ஒன்பது பேர் போயிடறாங்க. இந்த நாட்டுல துப்பாக்கியால சாகறவங்கள்ல பாதிக்கு மேல தற்கொலைதான், கொலை இல்லை. டிவி பாத்தா அப்படித் தெரியாது.

கனெக்டிகட் சட்டத்தைப் பத்தி 2017-ல ஆய்வு வந்துது. 10 முதல் 20 பேர்கிட்ட துப்பாக்கியை எடுத்தா ஒரு தற்கொலை தவிர்க்கப்படுதுன்னு கணக்கு. மீதி ஒன்பது பேருக்கோ பத்தொன்பது பேருக்கோ தேவையில்லாம எடுத்ததா ஆகாதான்னு நீங்க கேக்கலாம். ஆகலாம். எனக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகுது.

அக்கா, தம்பிகிட்ட தற்கொலை எண்ணம் வர்றவங்களுக்கான 988 நம்பர் இருக்கட்டும், ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க. நீங்களும் அதுல பேசலாம். கூட இருக்கறவங்களுக்கும்தான் அது.

#5 கோர்ட்_குரல்

நான் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். எந்த வழக்கு, எந்த ஊர் என்று எதுவும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. அறைக்குள் எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சினிமா கோர்ட்டை மறந்துவிடுங்கள். கூண்டு கிடையாது. கதவுக்கு வெளியே அன்றைய பட்டியல் ஒட்டியிருக்கும். அதில் உங்கள் பெயரும் தம்பி பெயரும் ஒரே வரியில் இருக்கும், அதைப் பார்க்கும்போதே பலருக்குத் தொண்டை அடைக்கும். ஒரே காலையில் கணவன்-மனைவி, அக்கம்பக்கம், வாடகைத் தகராறு என்று இருபது உத்தரவு விவகாரங்கள்கூட வரிசையில் நிற்கும். வழக்குக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. பேரைக் கூப்பிட்டதும் இரண்டு மேஜை, ஆளுக்கு ஒன்று. கையைத் தூக்கி உறுதிமொழி. பிறகு ஜட்ஜ் நேராக உங்களையே கேட்பார். நீங்கள் அவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், தம்பியைப் பார்த்து இல்லை. பக்கத்து மேஜையில் அவன் "பொய்க்கா இது" என்றால் திரும்பிப் பதில் சொல்லிவிடுவீர்கள். எல்லோரும் சொல்வார்கள். ஜட்ஜ் நிறுத்துவார்.

இப்போது முக்கியமானது. அந்த மெசேஜ் தமிழில்தானே? மனுவில் அதை நீங்களே இங்கிலீஷில் எழுதினீர்களா?

நம் மொழியில் சாவு வாய்ப்பேச்சில் கலந்து கிடக்கிறது. "உயிரை வாங்காதே", "செத்தேன் போ", "கொன்னுடுவேன்" இதெல்லாம் காலையில் பல் தேய்க்கும்போதே சொல்கிறோம். ஒருமுறை ஒருவர் பேச்சில் "நான் தொலைஞ்சு போறேன்" என்று வந்தது. தொலைவதென்றால் காணாமல் போவதா, சாவதா, கோபத்தில் எழுந்து போவதா? விளக்கம் சொல்ல எனக்கு உரிமையில்லை, சொன்னதைச் சொன்னபடி மாற்ற வேண்டும். ஒரு வினாடி தயங்கினேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வினாடியைப் பிடித்துக்கொண்டார்.

உங்களுடையதில் "பாரமா இருக்க மாட்டேன்" என்பதுதான் உயிர்நிலை. இதை நீங்களே மொழிபெயர்த்தால் "அக்கா தனக்குச் சாதகமாக எழுதிவிட்டாள்" என்று தம்பி சொல்லலாம். தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, இது சரியான மொழிபெயர்ப்பு என்று அவர் கையெழுத்திட்ட தாளோடு வைத்துக்கொள்ளுங்கள். திரைப்பிடிப்பில் நேரமும் தேதியும் தெரியட்டும். மூன்று பிரதி. அப்புறம், உங்களுக்கு இங்கிலீஷ் சரளமாக வந்தாலும் அன்றைக்கு வராமல் போகலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று இப்போதே கோர்ட்டில் கேளுங்கள், இலவசம்தான். ஆனால் ஆள் குறைவு, கடைசி நாளில் கேட்டால் ஹியரிங்கே தள்ளிப்போகும்.

#6 புது_வரவு22

ஹெச்1பி வேலை விசால இருக்கறவங்க துப்பாக்கி வாங்க முடியுமா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

#7 மட்டுறுத்துனர்

@புது_வரவு22 பொதுவாக முடியாது, மத்தியச் சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே அக்காவின் கேள்விக்கு மட்டும்.

#8 எடிசன்_மாமி

நியூ ஜெர்ஸிலேர்ந்து எழுதறேன். என் விஷயம் வேற, அது டொமெஸ்டிக் வயலன்ஸ் ஆர்டர். எதிர் மேஜையில உக்காந்திருந்தது என் முன்னாள் வீட்டுக்காரர். இங்க டெம்பரரி ஆர்டர் கிடைச்சு பத்து நாளுக்குள்ள ஹியரிங் வைப்பா. ஃபைனல் ஆயிடுத்துன்னா அதுக்குக் காலாவதி கிடையாது, யாராவது கேட்டு ரத்து பண்ணாத வரைக்கும் நிக்கும்.

நான் அவரை நம்பின ஹெச்4 விசால இருந்தேன். அவர் விசா போனா என் விசாவும் போயிடும்னு ரெண்டு வருஷம் வாயைத் தெறக்கலை. இந்தப் பொண்ணுக்கு அந்தக் கவலை இல்லை, தம்பி சிட்டிசன்கறா. ஆனா படிக்கற மத்தவாளுக்குச் சொல்றேன், கிரீன் கார்டுக்காராளா இருந்தாலும் சரி, பயமுறுத்தல்லேர்ந்து காப்பாத்த போட்ட ஆர்டரை மீறினதா கோர்ட் முடிவு பண்ணினா நாட்டை விட்டு அனுப்பறதுக்கு அதுவே காரணமா போயிடும்.

அதை விடு. நான் கேக்க வந்தது ஒண்ணுதான். துப்பாக்கியை ஒப்படைச்சதுக்கான ரசீதைப் பாத்தியா கண்ணு?

என் கேஸ்ல ஜட்ஜம்மா எவ்ளோ நன்னா பேசினா தெரியுமோ. கண்ணுல ஜலம் வந்துடுத்து எனக்கு. "துப்பாக்கி வெச்சுக்கக் கூடாது"ன்னு ஆர்டர்ல கொட்டை எழுத்துல போட்டா. ஆத்துக்கு வந்து ஒரு வாரம் கழிச்சுத்தான் தோணித்து, அதை யாரு போய் எடுத்தா? நான் போன் பண்ணின எடத்துல இவா அவாளைக் கைகாட்டினா, அவா இவாளைக் கைகாட்டினா. அது அவரோட பேஸ்மென்ட் அலமாரிலதான் இருந்துது, பதினோரு நாள்.

#9 சட்டப்பித்தன்

மாமி சொன்னதுதான் இந்த விவகாரத்தின் ஓட்டை. சுப்ரீம் கோர்ட் வரை போன ரஹீமி வழக்கைப் பற்றி எல்லோரும் துப்பாக்கி உரிமை தரும் இரண்டாவது திருத்தம், வரலாறு, மரபு என்றே பேசுகிறார்கள். நடந்த கதையைப் பாருங்கள். டெக்சஸ், ஆர்லிங்டன். 2019 டிசம்பரில் ரஹீமி காதலியைத் தள்ளி இழுத்து, அவள் தப்பி ஓடும்போது துப்பாக்கியால் சுட்டான். 2020 பிப்ரவரியில் கோர்ட் பாதுகாப்பு உத்தரவு போட்டது. அவன் எதிர்க்கக்கூட இல்லை, சம்மதித்தான். கைத்துப்பாக்கி லைசென்ஸ் முடக்கம், இனித் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம் என்று தாளில் இருந்தது. அடுத்த டிசம்பர், ஜனவரியில் அவன் ஐந்து துப்பாக்கிச்சூடுகளில் சம்பந்தப்பட்டான். அதில் ஒன்று, ஹாம்பர்கர் கடையில் நண்பனின் கிரெடிட் கார்டு செல்லவில்லை என்று வானத்தைப் பார்த்துச் சுட்டது. கடைசியில் வேறு விசாரணைக்காக வீட்டைச் சோதித்தபோதுதான் பிஸ்டலும் ரைஃபிளும் கிடைத்தன. அந்த உத்தரவின் பிரதியும் அதே வீட்டில்தான் கிடந்தது.

2024 ஜூன் 21 அன்று சுப்ரீம் கோர்ட் 8-1 என்று தீர்ப்புச் சொன்னது: இன்னொருவரின் உடலுக்கு நம்பத்தக்க ஆபத்து என்று கோர்ட் கண்ட ஒருவரிடமிருந்து ஆயுதத்தைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம். எழுதியவர் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், மாறுபட்டவர் தாமஸ். டல்லாஸ் அண்ணன் கவனிக்க வேண்டியது: ரஹீமி மீது பாய்ந்தது, பாதுகாப்பு உத்தரவு உள்ளவர் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கும் 1994 மத்தியச் சட்டம். அது பிடிப்பது முன்னறிவிப்பு கொடுத்து, எதிர்த்தரப்பும் பேச வாய்ப்பிருந்த ஹியரிங்குக்குப் பிறகு வந்த உத்தரவை மட்டும்தான். ஒருதலை டெம்பரரி ஆர்டர் அதில் வராது. அக்காவின் விஷயம் கணவன்-மனைவி உறவும் இல்லை, ஆகவே அது முழுக்க மாநிலச் சட்டம்.

ரசீது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு சாக்ரமென்டோ, 2022 பிப்ரவரி. உத்தரவு இருந்த ஒரு அப்பா, சர்ச்சில் பிள்ளைகளைப் பார்க்க வந்த நேரத்தில் மூன்று பெண் குழந்தைகளையும், கூட இருந்த மேற்பார்வையாளரையும் சுட்டுத் தானும் செத்தான். வீட்டிலேயே பொருத்தி எடுத்த, சீரியல் நம்பர் இல்லாத துப்பாக்கி. எந்தப் பதிவேட்டிலும் அது கிடையாது.

அக்கா, கலிஃபோர்னியாவில் உத்தரவு கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் ரசீதைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கான ஃபாரம் ஜிவி-800. கோப்பைப் பார்க்கச் சொல்லி கிளார்க்கிடம் கேளுங்கள்.

#10 ஈஸ்ட்பே_அக்கா

இன்னைக்கு மதியம் லீவு போட்டுப் போய்ப் பாத்தேன்.

ஒரே பக்கம். பட்டியல்ல முதல் வரி மட்டும் நிரப்பியிருக்கு. ஒரே ஒரு பிஸ்டல்.

#11 டல்லாஸ்காரன்

அக்கா, அந்த வாட்ஸாப் போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க. ஸ்லைடுங்கற மேல்பாகத்துலயோ பிடி மேலயோ கம்பெனி பேர் பொறிச்சிருக்கும். ரசீதுல கம்பெனி பேரை எழுத "மேக்"னு ஒரு கட்டம் இருக்கும். ரெண்டும் ஒண்ணா?

#12 ஈஸ்ட்பே_அக்கா

இல்லை. வேற வேற பேர்.

#13 டல்லாஸ்காரன்

அப்ப போட்டோல இருக்கறது இன்னும் வெளியில இருக்கு.

புது பிஸ்டல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில வரும், பெட்டி ஓரத்துல சீரியல் நம்பரோட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அவன் வீடு மாறினப்ப சாமான் ஏதாவது உங்க கராஜ்ல வெச்சிருக்கானா? தேடுங்க. உங்க மாநிலத்துல டீலர் வழியா வாங்கினது எல்லாம் பதிவாகியிருக்கும், ஷெரிஃப் ஆபீஸ்ல அவன் பேருக்கு எத்தனை இருக்குன்னு பாக்க முடியும். மனு எண்ணைச் சொல்லி, ரசீதுல ஒண்ணு குறையுதுன்னு எழுத்துல கொடுங்க.

நீங்களே அவன் வீட்டுக்குப் போய்த் தேடாதீங்க. கெடைச்சாலும் தொடாதீங்க, கார்ல தூக்கிட்டு ஸ்டேஷன் கவுண்டர்ல போய் நிக்காதீங்க. அவசரமில்லாத போலீஸ் நம்பருக்குப் போன் பண்ணி, அவங்களையே வந்து எடுக்கச் சொல்லுங்க.

ரெட் ஃபிளாக் பத்தி என் கருத்து மாறலை. ஆனா ஒருத்தன் ஒண்ணைக் கொடுத்துட்டு, போட்டோல காட்டினதை மட்டும் வெச்சுக்கறான்னா எனக்கு அது பிடிக்கலை.

#14 எடிசன்_மாமி

நன்னா சொன்னேள்.

#15 ஈஸ்ட்பே_அக்கா

வியாழன் முடிஞ்சுது. எல்லாரும் கேட்டிருந்தீங்க, அதான் எழுதறேன்.

கராஜ்ல பெட்டி கிடைச்சுது. அவனோட பழைய கிரிக்கெட் பைக்குள்ள. காலிப் பெட்டி. ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன்.

தம்பி இன்டர்வியூவுக்குப் போடற நீலச் சட்டையில வந்திருந்தான். ஷேவ் பண்ணியிருந்தான். வக்கீல் இல்லை. எதிர் பெஞ்சுல உக்காந்தான், என்னைப் பாக்கலை. எங்களுக்கு முன்னாடி ஏழு பேர். கோர்ட்_குரல் சொன்ன மாதிரியே, ஜட்ஜ் முதல் கேள்வி கேட்டதும் எனக்கு இங்கிலீஷ் போயிடுச்சு. ஸ்பீக்கர்ல ஒரு தமிழ் அம்மா குரல் வந்துது, "நீங்க தமிழ்லயே சொல்லுங்க"ன்னு. சொன்னேன்.

அவன் சொன்னான், "அக்கா எல்லாத்தையும் பெருசாக்குவாங்க. நம்ம ஊர்ல அப்படித்தான் பேசுவோம்"னு. ஜட்ஜ் மொழிபெயர்ப்புத் தாளை எடுத்து நிதானமாப் படிச்சார். அப்புறம் போட்டோவைக் காட்டி, நம்ம ஊர்ல போட்டோவும் இப்படித்தான் அனுப்புவீங்களான்னு கேட்டார். கிண்டலா இல்லை, நெஜமாவே கேட்டார். அவன் பேசலை.

நான் ரசீதையும் ஸ்டிக்கர் பிரிண்டையும் கொடுத்தேன். ஜட்ஜ் முதல்ல அவனை எச்சரிச்சார், இதுக்கு நீ பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை, சொன்னா வேற வழக்குல உனக்கு எதிரா போகலாம்னு. கொஞ்ச நேரம் சும்மா நின்னான். "ஃப்ரெண்டு வீட்ல இருக்கு"ன்னான். டீலர் வழியா கொடுத்தியான்னா தலையை ஆட்டினான், இல்லைன்னு.

ஒரு வருஷம் உத்தரவு. ரெண்டாவதையும் 24 மணி நேரத்துல போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும், ரசீது வந்துதான்னு பாக்க அடுத்த வாரம் இன்னொரு தேதி. நடுவுல ஒரு தடவை உத்தரவை நீக்கச் சொல்லி மனு போட உனக்கு உரிமை இருக்குன்னும் அவனுக்குச் சொன்னார். மொத்தம் 17 நிமிஷம். சுவர்க் கடிகாரம் எனக்கு நேரா இருந்துது.

வெளிய வராந்தாவுல பக்கத்துல வந்து நின்னான். மூணு வாரத்துல முதல் பேச்சு. "அம்மாகிட்ட சொன்னியா?" இல்லைன்னேன். "சொல்லாதே." சரின்னேன். அப்புறம், வண்டியில கொண்டுவிடறியான்னு கேட்டான், ரயில்ல வந்திருக்கான்.

#16 கோர்ட்_குரல்

கொண்டுவிட்டீர்களா?

#17 ஈஸ்ட்பே_அக்கா

விட்டேன். வழியில ஒண்ணும் பேசலை. தோசை வாங்கிக் கொடுத்தேன், சாப்பிட்டான்.

நேத்து சாயங்காலம் அவனே போலீசுக்குப் போன் பண்ணியிருக்கான், ஃப்ரெண்டு வீட்டுக்குப் போய் எடுத்துட்டாங்க. ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான், ஒரு வார்த்தை எழுதலை. சீரியல் நம்பரைப் பெட்டியோட மூணு தடவை ஒத்துப் பாத்தேன். அதேதான்.

#18 டல்லாஸ்காரன்

நல்லது அக்கா. மேகசீனும் தோட்டாவும் ரசீதுல இருக்கா? அதுவும் உத்தரவுல அடக்கம்.

#19 ஈஸ்ட்பே_அக்கா

மேகசீன் ரெண்டு. தோட்டா ஒரு பெட்டி, அம்பது போட வேண்டிய இடத்துல நாப்பத்தொன்பதுன்னு எழுதியிருக்கு. அந்த ஒண்ணு எங்கன்னு இன்னும் அவன்கிட்ட கேக்கலை. ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றான்.